தாத்தாவின் நாள்வழி நோட்டுகளும் நான்கு நாள் பொங்கல் லீவும்

அம்பை_மல்லி:

வணக்கம். செவ்வாய் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் செங்கோட்டை பாசஞ்சர் பிடித்து அம்பாசமுத்திரம் போகிறேன். போகியிலிருந்து காணும் பொங்கல் வரை நான்கு நாள். ஊரில் சித்தப்பா, சித்தி, ஆச்சி. ஆச்சிக்கு 88 வயது. அவளைப் பார்த்து எட்டு மாதம் ஆகிறது.

இந்தத் தடவை ஒரு வேலையும் சேர்ந்துகொண்டது. வெள்ளையடிக்க வீட்டை ஒதுக்கியபோது மச்சிலிருந்து ஒரு தகரப்பெட்டி இறங்கியிருக்கிறது. உள்ளே தாத்தாவின் பலசரக்குக் கடை நாள்வழி (அன்றாட வரவு செலவுக் கணக்கு) நோட்டுகள், மொத்தம் பதினொன்று. "பழைய பேப்பருக்குப் போட்டிரட்டுமாம்மா?" என்று சித்தப்பா போனில் கேட்டார். வேண்டவே வேண்டாம், நான் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். தாத்தாவை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். அவர் கை பட்டது என்று வீட்டில் மிச்சமிருப்பது இந்தப் பெட்டிதான்.

சித்தப்பா இரண்டு பக்கம் படம் எடுத்து அனுப்பினார். கருப்பட்டி, நல்லெண்ணெய், துவரம்பருப்பு என்று பெயர்கள் புரிகின்றன. எண்கள்தான் பிடிபடவில்லை. நல்லெண்ணெய்க்கு நேரே 'படி' என்று போட்டு 'அவ' என்று எழுதியிருக்கிறார். இன்னொரு இடத்திலும் அதே 'அவ'. யாராவது வாடிக்கைக்காரப் பெண்ணா? பக்கத்தின் உச்சியில் ௲௱௨௰௫ ௵ என்று இருக்கிறது (ஒவ்வொன்றாகத் தேடி ஒட்டியிருக்கிறேன்).

இதை வாசிப்பது எப்படி? நான்கு நாளில் பதினொரு நோட்டையும் போனில் படம் எடுத்துவிட முடியுமா? ஆச்சியைப் பார்க்கப் போய்விட்டு நோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது சரியா என்றும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

கணக்கப்பிள்ளை_பேரன்:

'அவ' ஆள் இல்லை, அளவு. ௮ என்பது எட்டு. காலுக்கு உள்ள பழைய குறி 'வ' போலவே இருக்கும். ஆக, எட்டேகால் படி நல்லெண்ணெய். 'எட்டேகால் லட்சணமே' என்ற தனிப்பாடலைக் கேட்டிருப்பீர்கள். எட்டும் காலும் சேர்ந்தால் 'அவ', அதனால்தான் அவலட்சணம்.

உச்சியில் இருப்பது ஆண்டு. ௲ ஆயிரம், ௱ நூறு, ௨௰ இருபது, ௫ ஐந்து: 1125. ௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி. இது கொல்லம் ஆண்டு, அதாவது கேரளத்திலும் நெல்லைச் சீமையிலும் வழங்கிய ஆண்டுக் கணக்கு. உங்கள் ஊர்ப் பக்கம் ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்டுங்கள், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. 1125 தை என்றால் 1950 ஜனவரி. அதே பக்கத்தில் 'விரோதி' என்று தமிழ் வருடப் பெயரும் இருந்தால் கணக்கு சரி.

காணி 80இல் 1, மா 20இல் 1, மாகாணி 16இல் 1. மாகாணியை வீசம் என்றும் சொல்வார்கள். ரூபாய்க்கு 16 அணா, அதனால் வீசம் ரூபாய் என்றால் ஓரணா. ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசா (ரூபாய்க்கு நூறு) வந்துவிட்டது. கொல்லம் 1132 பங்குனிக்குப் பிறகு உள்ள பக்கங்களில் கவனமாக இருங்கள், ஓரணா அங்கே ஆறேகால் நயா பைசா.

பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடு (கணினி, போன்களுக்கான எழுத்துத் தரம்) 12.0 வழியாக வந்துவிட்டன. ஆனால் பல போன்களில் இன்னும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். பெயர்த்து எழுதும்போது 'எட்டேகால்' என்று சொல்லாகவே எழுதிவிடுங்கள்.

பழுப்புத்தாள்:

படம் எடுப்பது பற்றி மட்டும் சொல்கிறேன். ஃபிளாஷ் வேண்டாம். காலை வெளிச்சம் வரும் ஜன்னலோரம் கறுப்புத் துணி விரித்து, நேர் மேலிருந்து எடுங்கள். சுருண்ட தாளைப் போட்டோ ஃபிரேம் கண்ணாடியால் மெல்ல அமுக்கலாம். ஸ்கேன் ஆப் பளிச்சென்று காட்டுகிறேன் என்று பென்சில் எழுத்தைத் தின்றுவிடும், சாதாரண கேமராவே நல்லது. நோட்டுக்கு நூறு விரிப்பு (எதிரெதிர் இரண்டு பக்கம்) என்றாலும் 1100 படம். நிமிடத்துக்கு நான்கு எடுத்தால் நாலரை மணி நேரம், அவ்வளவுதான். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே கூடாது. ராமபாணப் பூச்சி அரித்திருந்தால் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, காடாத் துணியில் சுற்றி வையுங்கள்.

ஆறுமுகநேரி_அத்தை:

மல்லி, இத்தனை வருஷம் மச்சில் கிடந்த பெட்டி அடுத்த லீவு வரைக்கும் கிடக்கும். ஆச்சியை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லு, போனில் குரலைப் பிடி. எங்கள் அப்பா நோட்டு முழுசாக என்னிடம் இருக்கிறது. 'மேலவீட்டுச் செல்லம்' பேரில் பக்கத்துக்குப் பக்கம் கடன் இருக்கிறது. அது யார் என்று கேட்க இப்போது ஒரு ஆளும் இல்லை.

அம்பை_மல்லி:

நேற்றுத்தான் சென்னை திரும்பினேன். மூன்று பேருக்கும் நன்றி. அத்தை, நீங்கள் சொன்னபடியே செய்தேன்.

போகியன்று பெட்டியைத் திறக்கவே இல்லை. ஆச்சியோடு சேர்ந்து பனங்கிழங்கு அவித்து, உரித்து, நார் எடுத்து, அதிலேயே பொழுது போய்விட்டது. பொங்கலன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தார்சாவில் பாய் விரித்து முதல் நோட்டை மடியில் வைத்தேன். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரிமேல் வைத்து, "எட்டேகால் படி நல்லெண்ணெ" என்று வாசித்தாள். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. மாகாணியும் வீசமும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஐந்தாம் கிளாஸோடு நின்ற ஆச்சிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். தாத்தா மத்தியானம் சாப்பிட வரும்போது கல்லாவில் இருந்தது அவள்தானாம். சித்தப்பாவுக்கே அது தெரியாது.

அப்புறம்தான் கவனித்தேன். 1133ஆம் ஆண்டு நோட்டில் இரண்டு கையெழுத்து. தாத்தாவுடையது நிமிர்ந்து பெரிதாக இருக்கிறது. இடையிடையே நாலைந்து வரி பொடிப்பொடியாக, வலப்பக்கம் சாய்ந்து. "இது யாரு?" என்றேன். "நாந்தான்" என்றாள்.

நான்கு நோட்டு படம் எடுத்தாயிற்று. குரல் பதிவு ஆறு மணி நேரம் இருக்கிறது. மீதி ஏழையும் காடாத் துணியில் சுற்றி, சித்தப்பாவே அரங்கு வீட்டில் (உள்ளறையில்) எடுத்து வைத்தார். சித்திரையில் மறுபடியும் போகிறேன்.

ஒரு வரி மட்டும் கணக்கில் சேரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு உள்ள நோட்டுகளில் வெள்ளிக்கிழமைதோறும் பக்கக் கடைசியில் 'பூ, காலணா' என்று பற்று எழுதியிருக்கிறார். கடையில் பூ விற்கவில்லை. ஆச்சியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது கடைக் கணக்கு இல்லளா" என்று சொல்லி, பக்கத்தைத் திருப்பினாள்.