தரவைப் புல்லும் யூரியாவும்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

வேலணைப் பெண்
மாரி முடிந்து வெயில் பிடித்ததும் தரவையோரக் காணிப் புல்லை (தரவை என்றால் திறந்த மேய்ச்சல் வெளி) வெட்டி உலர்த்தி வைப்போம். இந்த முறை தையிலேயே வெட்டச் சொன்னேன். மாமா கேட்கவில்லை. "இன்னும் வளரட்டும் பிள்ளை, கட்டுக் கூடும்" என்று மாசிக் கடைசி வரை விட்டார். கட்டு கூடியதுதான், கொட்டில் முகடு முட்ட அடுக்கினோம். ஆனால் விடியப் பார்த்தால் இலையையும் நுனியையும் உருவித் தின்றுவிட்டு, தண்டு முழுக்க ஈர்க்குக் கட்டுப் போலக் கிடக்கிறது. சிவலைப் பசு அதை மூக்கால் தள்ளிவிட்டு என்னைப் பார்த்துக் கத்தியது. வயிறு நிறையாத மாட்டின் கத்தல் எப்படி என்று வளர்த்தவர்களுக்குத் தெரியும். பால் குறைந்ததற்கு மாமா வெயிலைக் குற்றம் சொல்கிறார். விதை முற்றிய புல்லில் நார்தான் மிச்சம் என்பது என் கட்சி.

தென்மராட்சியான்
அக்கா, உங்களுக்குப் பால்தான் குறைந்தது. எங்கள் பக்கத்து வளவில் மாடே போகப் பார்த்தது. கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த புல். முதல் மழை விழுந்த கையோடு யூரியா உரத்தை அள்ளி எறிந்தார்கள். கருகருவென்று எழும்பியதைப் பார்த்த ஆசையில் உடனே அறுத்துப் போட்டார்கள். பின்னேரம் மாடு மூச்சிரைத்துக்கொண்டு தள்ளாடியது. மிருக வைத்தியர் எடுத்த இரத்தம் ஊசிக்குள் மண்ணிறமாக இருந்தது. சிவப்பே இல்லை. யூரியாவின் நைதரசன் புல்லில் நைத்திரேற்றாகத் தேங்கி, அது மாட்டின் வயிற்றில் நைத்திரைற்று என்ற நச்சாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் பண்ணிவிடுமாம். அதற்கு மாற்று மருந்தான மெத்திலீன் நீலம் ஏற்றித்தான் காப்பாற்றினார். அந்த நிறம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. புல்லுக்கு யூரியா வேண்டவே வேண்டாம் என்பேன்.

வலிகாமம் கமக்காரன்
தம்பி, யூரியாவில் பிழையில்லை, அவசரத்தில்தான் பிழை. நைதரசன் போட்டால் விளைச்சலும் கூடும், புல்லின் புரதமும் கூடும். 2021இல் இலங்கை அரசு இரசாயன உரத்தைத் தடை செய்தபோது என் புல் வெளிறிக் கட்டையாக நின்றதைக் கண்ணால் கண்டவன் நான்.

யூரியாவில் 46 வீதம் நைதரசன். 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. அதை ஒரே தரமாகக் கொட்டக் கூடாது, பிரித்துப் போட வேண்டும். எங்கள் சுண்ணாம்பு மண்ணில் வெயிலுக்குள் மேலே தூவினால் ஒரு பங்கு அமோனியாவாகப் பறந்துவிடும். அடைமழைக்குள் போட்டால் கீழே இறங்கிக் கிணற்றுத் தண்ணீரில் சேரும். வலிகாமக் கிணறுகளில் நைத்திரேற்று கூடிக் கிடப்பது ஊரறிந்த கதை. சிறு மழைக்கு முன் கொஞ்சமாகப் போடுங்கள். போட்டபின் மூன்று நான்கு கிழமைக்கு அரிவாள் வைக்காதீர்கள். நைத்திரேற்று அடித்தண்டில்தான் கூடத் தங்கும், அதனால் நிலத்தோடு ஒட்ட அறுக்கவும் வேண்டாம். அடியை விட்டு அறுத்தால் மறுதளிரும் கெதியாக வரும்.

தங்கச்சி, உங்கள் மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்: இளம்புல்லில் புரதம் 10 வீதத்துக்கு மேல் நிற்கும். முற்றினால் 7க்குக் கீழே இறங்கும். அதற்குக் கீழே போனால் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கே தீனி போதாது. மாடு கொஞ்சமாகத் தின்னும், தின்றதும் செரிக்காது. பூங்கதிர் தலைகாட்டும்போது வெட்டினால் எடையும் வரும், சத்தும் இருக்கும்.

வேலணைப் பெண்
அண்ணை, பூங்கதிர் வருவது மார்கழியில். அப்போது மழை. வெட்டினால் எங்கே உலர்த்துவது? புல் நல்லாக இருக்கும் நேரம் வெயில் இல்லை, வெயில் வரும் நேரம் புல் இல்லை. இதுதான் எங்கள் வில்லங்கம்.

வலிகாமம் கமக்காரன்
அப்படியென்றால் உலர்த்தவே வேண்டாம், சைலேஜ் போடுங்கள், அதாவது பச்சைப் புல்லைக் காற்றில்லாமல் அடைத்துப் புளிக்க வையுங்கள். மழை விட்ட ஒரு நாளில் வெட்டி அரை நாள் வாட விட்டு, சின்னதாக நறுக்கி, கொஞ்சம் மொலாசஸ் (சீனி ஆலையில் மிஞ்சும் பாகு) தெளித்துப் பீப்பாய்க்குள் மிதித்து இறுக்குங்கள். உள்ளே காற்றுப் புகக் கூடாது, அதுதான் முக்கியம்.

கொட்டில் மகன்
நீங்கள் எல்லோரும் புல்லை மட்டும் கதைக்கிறீர்கள். எங்கள் காணியில் ஒரு பாதிக்குத் தொடர்ந்து யூரியா போட்டார் அப்பா. மற்றப் பாதிக்கு மாட்டெருதான். யூரியாப் பக்கம் அடர்த்தியான புல். ஆனால் குனிந்து விலக்கிப் பார்த்தால் அடியில் படர்ந்திருந்த அவரையினச் சிறுகொடிகள் ஒன்றுகூட இல்லை. எருப் பக்கத்தில் அவை புல்லுக்குள் பின்னிக் கிடந்தன. பசுக்களை அவிழ்த்துவிட்டால் அங்கேதான் முதலில் வாய் வைக்கும். இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1856 தொடக்கம் இயற்கைப் புல்வெளிக்கு உரம் போட்டுப் பார்க்கிறார்கள். நைதரசன் கூடப் போட்ட துண்டுகளில் செடிவகைகள் குறைந்து போனதை அங்கேயும் கண்டிருக்கிறார்கள். கமக்காரன் அண்ணை, கட்டுக் கணக்குப் பார்க்கும்போது இந்தக் கொடிகளையும் கணக்கில் எடுங்கள். அவை வேரில் தாமே நைதரசன் பிடித்துத் தருபவை, காசு கேட்காதவை.

தென்மராட்சியான்
வேலணை அக்கா, பீப்பாய் போடுவதென்றால் சொல்லுங்கள். எங்களிடம் மூடியோடு இரண்டு சும்மா கிடக்கிறது.