கயாக் ஸ்டாண்டு செய்யப் போன இடத்தில் நடந்தது: பெங்களூர் ஆட்கள் பகிரவும்

சிவாஜிநகர்_துடுப்பு

கயாக்கை, அதாவது ஒராள் துடுப்புப் படகை, வீட்டில் வைக்கிற ஸ்டாண்டு அளவெல்லாம் இங்கே பலமுறை பேசியாகிவிட்டது, மறுபடி அதற்குள் போகவில்லை. ஒரு விஷயம் மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைக் கொட்டத்தான் இந்த இழை.

வீட்டில் பழைய மூங்கில் ஏணி ஒன்று கிடந்தது. அதற்கு ஜோடியாக இன்னொன்று கட்டி, இரண்டையும் 6 அடி இடைவெளியில் சுவரோரம் நிறுத்திவிட்டால், படிகளுக்கு நடுவே கயாக்கைப் பக்கவாட்டில் செருகிவிடலாம் என்று கணக்கு. பாம்பூ பஜார் போனேன். 8 அடியில் கனமான மூங்கில் இரண்டு, 2 அடியில் குறுக்குத் துண்டுகள், கட்டுவதற்குத் தேங்காய்நார்க் கயிறு. கடைக்காரர் நம்ம ஆள்தான், வேலூர்ப் பக்கம். நான் கேட்டதையெல்லாம் மனசுக்குள் கூட்டிப் பார்த்தவர், கையிலிருந்த பீடியைக் கீழே போட்டு மிதித்தார். குரலைத் தாழ்த்தி, “எப்ப சார் எடுக்கறாங்க?” என்றார்.

எனக்குச் சட்டென்று உறைக்கவில்லை. “இன்னைக்குச் சாயங்காலமே எடுத்துடுவேன்” என்றேன்.

“பெரியவங்களா?”

அப்போதுதான் விளங்கியது. “ஐயோ இல்லீங்க, இது படகுக்கு.”

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். “எல்லாரும் ஒரு நாள் அந்தப் படகுல ஏற வேண்டியவங்கதானே சார்.”

பாதி விலைதான் வாங்கினார். மீதியை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மூங்கிலைத் தோளில் ஏற்றிக்கொண்டு பழக்க தோஷத்தில் “வர்றேங்க” என்றதும் பதறிவிட்டார். “அப்படிச் சொல்லக் கூடாது சார், சொல்லாமப் போங்க!”

கயாக் இப்போது சௌகரியமாக இருக்கிறது. அந்த மீதிப் பணம்தான் தொந்தரவு. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரலாம் என்றால், “செத்தவரு எழுந்து உக்காந்துட்டாருன்னு சொல்லப் போறீங்களா?” என்கிறாள் வீட்டம்மா.

ஹொரமாவு_லோகல்

கொடுக்காதீர்கள். அவர் புண்ணியத்துக்கு என்று விட்ட காசு. அதைத் திருப்பிக் கொடுத்தால் அவருக்குத்தான் சங்கடம். அதே கடையில் இன்னொரு தடவை ஏதாவது வாங்கும்போது பேரம் பேசாமல் இருந்துவிடுங்கள், கணக்கு நேராகிவிடும்.

இன்னொன்று. மூங்கிலில் ஆணி அடித்திருக்கிறீர்களா? அடித்திருந்தால் நீளவாக்கில் பிளக்கும். குறுக்குத் துண்டு கணுவுக்குச் சற்று மேலே உட்காருகிற மாதிரி வைத்துக் கட்டினால் கயிறு தளர்ந்தாலும் கீழே வழுக்காது. வெள்ளையாகப் பொடி உதிர ஆரம்பித்தால் வண்டு விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

சர்ஜாபூர்_ரோடு

என்னுடையது பி.வி.சி. பைப். 63 மி.மீ., எல்லா முனையிலும் டீ, எல்போ இணைப்புகள், மூடி போட்டு சால்வன்ட் சிமென்ட் வைத்து ஒட்டியது. பேஸ்மென்ட்டில் எங்கள் பார்க்கிங்குக்குப் பின்னால் இரண்டு தூணுக்கு நடுவே நிற்கும். அசோசியேஷன் செக்ரட்டரிக்கு அது கண்ணிலேயே ஆகாது. பார்க்கிங்கில் கார் தவிர வேறெதுவும் வைக்கக் கூடாது என்று நோட்டீஸ் மேல் நோட்டீஸ்.

2022 செப்டம்பர் 4-ஆம் தேதி ராத்திரி மழை யாருக்கும் மறந்திருக்காது. பெல்லந்தூர், யமலூர், எங்கள் பக்கம் எல்லாம் ஏரி எது, ரோடு எது என்று தெரியாமல் போனது. விடியற்காலையில் கரண்ட்டை மொத்தமாக அணைத்துவிட்டார்கள். ராம்ப் தலைப்பில் நாலைந்து பேர் டார்ச் அடித்துக்கொண்டு நிற்கிறோம். கீழே பழுப்புத் தண்ணீர், அதில் காரின் கூரைகள் மட்டும் தெரிகின்றன. இருட்டுக்குள்ளிருந்து வெள்ளைச் சட்டம் ஒன்று அசைந்து அசைந்து எங்களை நோக்கி வருகிறது. நடுவே நீலக் கயாக், நான் கட்டிய வார் கட்டினபடியே. சாமி புறப்பாட்டில் சப்பரம் வருமே, அந்த மாதிரி. ஸ்டாண்டே மிதக்கும் என்று நான் நினைத்ததில்லை. எல்லா முனையும் அடைத்த பைப், உள்ளே முழுக்கக் காற்று. மீட்டருக்கு ஏறக்குறைய 3 லிட்டர் தண்ணீரைத் தள்ளுகிற பைப் மிதக்காமல் என்ன செய்யும்!

பக்கத்தில் முழங்கால் வரை பேன்ட்டை மடித்துக்கொண்டு நின்ற செக்ரட்டரி மெதுவாகக் கேட்டார்: “சார், அது எத்தனை பேரைத் தாங்கும்?”

ஒருவரைத்தான் தாங்கும். அன்று பூராவும் கேட்டுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே பால் பாக்கெட், மாத்திரை, கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு டயாப்பர் என்று அதில் போய்வந்தது. ஓட்டத் தெரியாத செக்யூரிட்டி பையன் ஒருவன் மதியத்துக்குள் நன்றாகவே ஓட்டப் பழகிவிட்டான்.

தண்ணீர் வடிந்து பேஸ்மென்ட் கழுவி முடித்த வாரமே அடுத்த நோட்டீஸ் வந்தது. அதே வாசகம், தேதி மட்டும் புதுசு.

மாரிக்குப்பம்_பாசஞ்சர்

சர்ஜாபூர் தம்பி, கதை நன்றாக இருக்கிறது. ஆனால் இதைப் படித்துவிட்டுப் பி.வி.சி. நல்ல ஸ்டாண்டு என்று நாலு பேர் பைப் வாங்கக் கிளம்பிவிடுவார்களே என்றுதான் எழுதுகிறேன். தண்ணீர் நிற்கிற பேஸ்மென்ட்டில் மெயின் அணைந்ததை உறுதி செய்யாமல் ராம்ப் பக்கமே போகக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்தில் மரத்தால் முட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவர். 2001-ல் சுரங்கத்தை மூடும் வரை இருந்தார். “மரம் பேசும்டா. முறியப் போறேன்னு சொல்லிட்டுத்தான் முறியும்” என்பார். போன மே மாதம் பாணசவாடியில் ஒருவர் வீட்டு மாடியில் பி.வி.சி. ஸ்டாண்டு. நல்ல வெயில். ஸ்டாண்டில் கயாக்கைத் தாங்க நீட்டியிருக்கிற கையில் காதை வைத்துப் பார்த்தேன், கப்சிப். நூல் பிடித்துப் பார்த்தால் முனை இரண்டு விரல் இறங்கியிருக்கிறது. ஒரு சத்தமும் இல்லாமல் இறங்குகிற பொருளை எப்படி நம்புவது? அவ்வளவுதான் என் கதை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிளாஸ்டிக் என்பது ஒரே எடையைத் தொடர்ந்து சுமந்தால் மெல்ல மெல்ல வளையும், வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம். பைப்புக்கு மட்டுமல்ல, கயாக்குக்கும் இதே கதிதான், அதுவும் பாலிஎத்திலீன்தானே. அடிப்பக்கம் கீழே இருக்கும்படி தட்டையாக மாதக்கணக்கில் வைத்தால் தாங்கு இருக்கும் இடத்தில் குழி விழும். பக்கவாட்டில் நிறுத்துங்கள், இல்லை கவிழ்த்து வையுங்கள். ஒகேனக்கல்லில் பரிசல்காரர்கள் கவிழ்த்துத்தான் வைக்கிறார்கள், அவர்கள் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. 12 அடிக் கயாக் என்றால் இரண்டு முனையிலிருந்தும் 3 அடி விட்டுத் தாங்கு கொடுத்தால் நடுவே 6 அடி வரும், அது போதும். முனையில் உள்ள கைப்பிடியில் கயிறு போட்டுத் தொங்கவிடவே கூடாது, நடுமுதுகு வளைந்துவிடும். தாங்குகிற கட்டை மேல் ஏ.சி. பைப்புக்குச் சுற்றுகிற கறுப்பு ஃபோம் போடுங்கள். வாரை இறுக்கிக் கட்டாதீர்கள், பல்சக்கரம் வைத்து இறுக்குகிற ராட்செட் வார் வேண்டவே வேண்டாம், அழுத்தியே நசுக்கிவிடும். சுவரில் கை அடிப்பதென்றால் முதலில் சுவர் என்ன என்று பாருங்கள். ஹாலோ பிளாக்கில் ஆங்கர் போல்ட் பிடிக்காது, காங்கிரீட் தூணையோ பீமையோ தேடுங்கள். மொட்டை மாடி என்றால் ஏப்ரல், மே காற்றை மறக்காதீர்கள். 20 கிலோ என்று சொல்லிக்கொள்கிறோமே தவிர காற்றுக்கு அது வெறும் முறம். தார்பாலின் போட்டால் கயாக் மேல் ஒட்டாமல் இடைவெளி விட்டுப் போடுங்கள், ஒட்டினால் உள்ளே வேகும். உட்காரும் ஓட்டையைத் துணி வைத்தாவது மூடுங்கள், எலி குடும்பம் நடத்தும்.

சவுக்குக் கட்டை. அவ்வளவுதான். எத்தனை பைப் வந்தாலும் சவுக்குக்கு ஈடில்லை.

சர்ஜாபூர்_ரோடு

அண்ணா, பி.வி.சி. நல்லது என்று நான் எங்கே சொன்னேன்? மிதந்தது என்றுதான் சொன்னேன்.

உங்கள் பாணசவாடி ஸ்டாண்டு கண்டிப்பாக எலெக்ட்ரிகல் வேலைக்குப் போடுகிற மெல்லிசு பைப்பாக இருக்கும். விலை குறைவு என்று பலர் அதை வாங்கிவிடுகிறார்கள். என்னுடையது நிழலில் இருக்கிறது, கை ஒன்றரை அடிதான். அடிப்பைப்புக்குள் இப்போது மணல் போட்டிருக்கிறேன்.

தேவனஹள்ளி_தோட்டம்

சவுக்கும் வேண்டாம், பைப்பும் வேண்டாம். கல்.

எங்கள் பக்கம் திராட்சைப் பந்தலெல்லாம் கல்தூண் மேல்தான். பெங்களூர் ப்ளூ திராட்சை போட்டவர்கள் 2008-ல் ஏர்போர்ட் வந்த பிறகு ஒவ்வொருவராக லேஅவுட்காரனுக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடியைப் பிடுங்கி எரித்துவிட்டுக் கல்லை மட்டும் குவித்து வைத்திருப்பார்கள். அப்படி ஒரு குவியலில் இரண்டு வாங்கப் போனேன். நேராக, வழவழப்பாக, பூசணம் பிடிக்காத ஒன்றைக் காட்டி இதைக் கொடுங்கள் என்றேன். அந்தப் பெரியவர் பதில் பேசவில்லை. கடப்பாரையைத் தலைகீழாகப் பிடித்து அந்தக் கல்லில் ஒரு தட்டு. சத்தம் ‘டப்’ என்று அங்கேயே நின்றுவிட்டது. பக்கத்தில் ஓரம் உடைந்து அசிங்கமாகக் கிடந்ததைத் தட்டினார். ‘ணங்ங்’ என்று குவியல் முழுக்க ஓடியது. “பேட சார், அது ஒளகே ஒடெதிதெ” என்று நான் கேட்ட கல்லைக் காலால் தள்ளிவிட்டார். வெளியே ஒரு கீறல்கூட இல்லை, எப்படி உள்ளே உடையும் என்று நான் குனிந்து குனிந்து பார்த்தேன். பொறுமையாக நின்றவர், அதன் நடுவில் ஓங்கி ஒன்று போட்டார். இரண்டு துண்டு.

என்னை நம்ப வைக்க ஒரு கல்லை வீணாக்கியிருக்க வேண்டாம். அதுதான் இன்னும் குடைகிறது.

2 அடி ஆழம் புதைத்து, ஜி.ஐ. பைப்பை யூ போல்ட் போட்டுப் பிடித்திருக்கிறேன். அது பாட்டுக்கு நிற்கும்.

ஃப்ரேசர்டவுன்_மாடி

நான் தரையிலேயே எதுவும் வைக்கவில்லை. போர்ட்டிகோ சீலிங்கில் நாலு கொக்கி, இரண்டு நைலான் நாடா, அவ்வளவுதான். கட்டிலுக்குப் பின்னுவார்களே, அதே நாடா, நாலு மடிப்பாகத் தைத்தது.

தைத்துக் கொடுத்தவர் கட்டில் பின்னுகிற ஒரு பாய், ரொம்ப வயசானவர். தைத்துவிட்டுப் போயிருக்கலாம். வீடு வரை வந்து மாட்டிவிட்டுத்தான் போவேன் என்றார். மாட்டியதும் “படகு எவ்ளோ கனம்?” என்றார். 22 கிலோ என்றேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஒரு நாடாவைக் கீழே இழுத்து ஊஞ்சலில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார். காலை மடக்கிக்கொண்டு இரண்டு முறை எகிறிக் குதித்தார். எனக்கு உயிரே இல்லை. அவர் நாடாவைப் பார்க்கவே இல்லை, கண் முழுக்க மேலே கொக்கியில்தான். இறங்கி, அடுத்த நாடாவிலும் அதே மாதிரி. மூன்றாவது கொக்கியைச் சுற்றிச் சிமென்ட் லேசாக உதிர்ந்தது. அதைத் தொட்டுக் காட்டி, “நாடா என் பொறுப்பு தம்பி. இது உன் பொறுப்பு” என்று சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

கொக்கியைப் பிடுங்கிப் பீமில் மாற்றி அடித்தேன். அவர் திரும்ப வந்து பார்ப்பார் என்று நினைத்தேன், வரவில்லை.

மாரிக்குப்பம்_பாசஞ்சர்

பெரியவர் செய்ததுதான் சரி. ஆனால் நாடா விஷயத்தில் ஒரு வார்த்தை. நைலான் நனைந்தால் நீளும், வெயிலில் நாள்பட்டால் நார் நாராக வரும். பாலியெஸ்டர் வார் என்றால் நனைந்தாலும் அவ்வளவாக நீளாது. பருத்தி நாடாவைத் தொடவே வேண்டாம், சாரல் அடிக்கிற இடத்தில் இற்றுவிடும். முடிச்சுப் போட்டிருந்தால் அவிழ்த்துவிட்டுப் பக்கிள் மாட்டுங்கள், முடிச்சு விழுந்த இடத்தில்தான் வார் முதலில் அறும். இரண்டு நாடாவும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். தேவனஹள்ளிக்காரர், ஜி.ஐ. பைப் முனையை மூடிவிட்டீர்களா? குளவி கூடு கட்டும்.

ஃப்ரேசர்டவுன்_மாடி

அண்ணா, போர்ட்டிகோவில் சாரலும் கிடையாது, வெயிலும் கிடையாது. நான் ஆலோசனையும் கேட்கவில்லை.

ஹொரமாவு_லோகல்

மாரிக்குப்பம் அண்ணா, இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் சவுக்கு ஸ்டாண்டு போட்டோ ஒன்று போடுங்களேன், பார்த்துச் செய்கிறோம்.

மாரிக்குப்பம்_பாசஞ்சர்

இன்னும் செய்யவில்லை. கயாக் என் மச்சானுடையது, அவன் மாடியில் தரையில்தான் கிடக்கிறது. நல்ல கட்டை கிடைத்ததும் இறங்கிவிடுவேன். கே.ஆர்.புரம் பக்கம் யாருக்காவது இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.

ஹொரமாவு_லோகல்

கட்டடம் முடிகிற இடமாகப் பார்த்து மேஸ்திரியிடம் கேளுங்கள், சென்டரிங் பிரித்த கட்டையைச் சல்லிசாகத் தள்ளிவிடுவார்கள். சிமென்ட் அப்பியிருக்கும், சுரண்டினால் போய்விடும். நுனிப்பக்கம் மெலிந்து போகாததாகப் பொறுக்குங்கள். அதுவரை மச்சான் கயாக்கைக் கவிழ்த்தாவது வையுங்கள்.