'தலை' என்றால் கடைசி வார்த்தை யாருடையது? திருமண ஆலோசனைப் பாடத்துக்கு உதவி வேண்டும்

கோதுமைமணி
ஸ்தோத்திரம். மணமாகப் போகிற ஜோடிகளுக்குச் சபையில் நடத்தும் வகுப்புக்குப் பாடம் எழுதுகிறேன். கணவன் மனைவிக்குத் தலை, மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்கிற எபேசியர் 5 வந்தாலே மணமகன் 'கடைசி முடிவு என்னுடையது' என்றும், மணமகள் 'வாய் திறக்கக் கூடாது' என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். இருவரும் ஒத்துப்போகாதபோது என்ன செய்யச் சொல்வது? சபையை நடத்தும் மூப்பர்களுக்கு அடங்குவதையும் இதே பாடத்தில் சேர்க்கலாமா?

அத்திமரம்
22-ஆம் வசனத்தில் தொடங்குவதுதான் முதல் கோளாறு. 21-லிருந்து வாசிக்க வையுங்கள்: 'ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்.' பாப்பிரஸ் 46, வத்திக்கான் சுவடி ஆகிய பழைய கிரேக்கப் பிரதிகளில் 22-க்குத் தனி வினைச்சொல்லே இல்லை. 21-ன் வினையைத்தான் அது வாங்கிக்கொள்கிறது.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. மனைவிக்கும் (5:22) பிள்ளைகளுக்கும் (6:1) நம் பழைய மொழிபெயர்ப்பில் ஒரே சொல்தான்: 'கீழ்ப்படியுங்கள்'. கிரேக்கத்தில் இரண்டும் வேறு. முதலாவது ஹுப்போடாஸ்ஸோ, தன்னை ஒழுங்குக்குள் வைத்துக்கொள்வது. இரண்டாவது ஹுப்பாகூவோ, சொல் கேட்டு நடப்பது. இதைச் சொல்லாமல் விட்டால் மனைவியைப் பிள்ளையின் இடத்தில் உட்கார வைத்துவிடுவோம்.

உக்கிராணக்காரன்
அத்திமரம் பிரதர், அந்த வேறுபாட்டில் முழுப் பாரத்தையும் ஏற்ற வேண்டாம். சாராள் ஆபிரகாமுக்குக் கீழ்ப்படிந்தாள் என்கிற 1 பேதுரு 3:6-ல் இருப்பது ஹுப்பாகூவோதான். வகுப்பில் யாராவது கேட்பார்கள். அப்போது ஆதியாகமம் 21:12-ஐயும் திறக்கச் சொல்லுங்கள். சாராள் சொல்வதைக் கேள் என்று ஆபிரகாமுக்குத் தேவனே சொல்கிறார்.

மீன்வலை
சிஸ்டர், நடைமுறைக்கு வருகிறேன். கடன், வீடு மாறுவது, வேலையை விடுவது, முழுநேர ஊழியம், பெற்றோரைக் கூட வைத்துக்கொள்வது: இவற்றில் இருவரும் சம்மதிக்காமல் எதுவும் நகரக் கூடாது என்று கல்யாணத்துக்கு முன்பே எழுதி வைக்கட்டும். தாம்பத்திய விஷயத்திலேயே பவுல் இருவர் சம்மதத்தைக் கேட்கிறார் (1 கொரிந்தியர் 7:5).

கருத்து முட்டினால், முதலில் மற்றவர் பக்க நியாயத்தை இவர் தம் வாயால் சொல்ல வேண்டும். 'ஆமாம், நான் சொன்னது அதுதான்' என்று பதில் வரும்வரை தம் வாதத்தைத் தொடங்கக் கூடாது. பாதிச் சண்டை இங்கேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் பாதிச் சண்டை தவறாகக் கேட்டதால் வந்தது. பிறகும் தீராவிட்டால் இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். அதன்பின் இருவரும் நம்புகிற ஒரு மூத்த தம்பதியிடம் போகலாம்; இரு வீட்டாரில் ஒருவரிடமும் போகக் கூடாது.

தள்ளவே முடியாத கெடு வந்தால்? கணவன் முடிவெடுக்கட்டும் என்று நம்புகிற சபைகள் உண்டு, இருவரும் சமம் என்கிற சபைகளும் உண்டு. எதுவானாலும் ஒரு சோதனை வையுங்கள்: அந்த முடிவின் நஷ்டம் முதலில் யார் மேல் விழுகிறது? எப்போதும் மனைவி மேலேயே விழுந்தால் அது, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோல் மனைவியை நேசிக்கச் சொல்லும் எபேசியர் 5:25-ன் தலைமை இல்லை.

குடும்ப ஜெபத்தையும் சொல்லுங்கள். 15 நிமிடம் போதும். 'ஆண்டவரே, இவளுக்குப் பொறுமையைத் தாரும்' என்று ஜெபத்துக்குள் குத்தினால் மறுநாள் யாரும் வந்து உட்கார மாட்டார்கள்.

அத்திமரம்
ஒன்றைச் சேர்க்கிறேன். அடி, மிரட்டல் இருந்தால் அடங்குவதைப் பற்றிய பேச்சே எழக் கூடாது. அவர்களை ஜோடியாக உட்கார வைத்து ஆலோசனை தரவும் கூடாது: பயந்தவர் அங்கே உண்மை பேச மாட்டார், பேசினால் வீட்டில் அதற்கும் சேர்த்து வாங்குவார். தனியாகச் சந்தியுங்கள், பாதுகாப்பான இடம் பாருங்கள், தேவைப்பட்டால் காவல்துறைக்குப் போக உதவுங்கள். நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைப்பதில் சப்பீராள் கணவனோடு ஒத்துப்போனாள். ஆனாலும் பேதுரு அவளைத் தனியாக விசாரித்தார், அவளே பதில் சொல்ல வேண்டியிருந்தது (அப்போஸ்தலர் 5). கணவன் சொன்னான் என்பது அங்கே எடுபடவில்லை.

உக்கிராணக்காரன்
மூப்பர்களைத் தனிப் பாடமாக வையுங்கள். கலந்தால் கணவன் குட்டிப் போதகராகிவிடுவார். நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்கிற எபிரெயர் 13:17-ஐ மட்டும் பிடித்துக்கொண்டால் கோணிவிடும். மந்தையை இறுமாப்பாய் ஆளக் கூடாது என்கிற 1 பேதுரு 5:3 கூடவே வர வேண்டும்.

காணிக்கையை உறவில்லாத இருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும். பவுலே பணத்தைத் தனியாள் கையில் விடவில்லை (2 கொரிந்தியர் 8:18-21). மூப்பர் மேல் புகார் என்றால் இரண்டு மூன்று சாட்சிகள் (1 தீமோத்தேயு 5:19). ஆனால் இது புகாரை மூடிவைக்க உதவும் வசனமில்லை, பாவம் செய்கிறவர்களை எல்லார் முன்பாகவும் கண்டிக்கச் சொல்லும் அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். அப்போஸ்தலர் 6-ல் தங்கள் விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டதாக முறையிட்டவர்கள் கிரேக்க மொழி பேசியவர்கள். பந்தி விசாரிக்கத் தெரிந்தெடுத்த 7 பேருக்கும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்களை நம்பியே பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

கோதுமைமணி
நன்றி. எழுதி வைக்கச் சொன்ன பட்டியலை இருவரும் வகுப்பிலேயே சேர்ந்து எழுதலாமா?

மீன்வலை
வேண்டாம். முதலில் தனித்தனித் தாளில் எழுதட்டும், பிறகு ஒப்பிடட்டும். சேர்ந்து எழுதினால் சத்தமாகப் பேசுகிறவருடைய பட்டியல்தான் மிஞ்சும்.