விளக்கின் பெயர் எப்படி அசெம்பிளி லைனுக்கு வந்தது? (எங்கள் குடும்பக் குழு)

முகிலன்: பெரியப்பா, எங்கள் அசெம்பிளி லைனுக்கு மேலே தொங்கும் ஒளிப்பலகையை எல்லோரும் ‘ஆண்டான்’ என்கிறார்கள். அது ஜப்பானியச் சொல்லாமே, என்ன பொருள்?

பெரியப்பா: அது ‘அந்தோன்’, தம்பி. மர அல்லது மூங்கில் சட்டத்தில் கைத்தாளை ஒட்டி, உள்ளே எண்ணெய்க் கிண்ணமும் திரியும் வைத்த பழைய விளக்கு அது. ஜப்பானின் ‘எதோ’ எனப்படும் காலத்தில் (1603–1868) வீடுகளில் பரவலாக எரிந்த அவ்விளக்குக்கு மலிவான எண்ணெய் வேண்டியவர்கள், நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு மத்தி மீனின் எண்ணெயை ஊற்றினார்கள்.

அத்தை: அப்படியானால் பூனைக்குக் கொண்டாட்டம்தான், அண்ணா.

பெரியப்பா: உண்மைதான் அம்மா. பின்னங்காலில் நின்று அந்த எண்ணெயை நக்கும் பூனையைப் ‘பாக்கெனெக்கோ’ என்னும் பேய்ப்பூனையாக எண்ணி அஞ்சினார்கள். சொல்லுக்கு வருகிறேன். அதை இரண்டு சீன எழுத்துகளால் எழுதுகிறார்கள். முதலாவது ‘செல்’, இரண்டாவது ‘விளக்கு’. செல் என்னும் எழுத்தை வழக்கமாக ‘கோ’ என்றோ ‘க்யோ’ என்றோ படிப்பவர்கள் இங்கு மட்டும் ‘அன்’ என்பதற்குக் காரணம், ஜென் துறவிகளும் வணிகர்களும் பிற்காலத்தில் சீனாவிலிருந்து கொண்டுவந்த உச்சரிப்பு இச்சொல்லில் தங்கிவிட்டதுதான். துறவிகளின் நடைப்பயணத்தைக் குறிக்கும் ‘அங்க்யா’விலும் அதே ‘அன்’ உண்டு.

முகிலன்: அறையில் இருக்கும் விளக்குக்குச் செல்வதோடு என்ன தொடர்பு?

பெரியப்பா: தொடக்கத்தில் அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வெளியே போனார்கள். மூங்கில் வளையங்களால் ஆன, மடக்கக்கூடிய ‘சோச்சின்’ என்னும் தாள்விளக்கு பரவியபின் அந்தோன் வீட்டுக்குள் ஒதுங்கியது. பெயர் மட்டும் மாறவில்லை. உணவகங்களின் வாசலில் சிவப்பாகத் தொங்குவது சோச்சின். பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

முகிலன்: எங்கள் பலகையில் தாளும் இல்லை, திரியும் இல்லையே!

பெரியப்பா: டொயோட்டா தன் ஆலைகளில் கோளாற்றை அறிவிக்கும் விளக்குப் பலகைக்கு அப்பெயரைச் சூட்டியது. தொழிலாளி கயிற்றை இழுத்தால் அவருடைய இடத்தின் எண் பலகையில் ஒளிரும். குழுத்தலைவர் வந்தும் குறிப்பிட்ட எல்லைக்குள் சரியாகவில்லை என்றால் லைன் நின்றுவிடும். அந்த முறையைப் பின்பற்றிய மற்ற நாட்டு ஆலைகள் சொல்லையும் அப்படியே எடுத்துக்கொண்டன.

முகிலன்: அது பட்டப்பகலிலும் எரிகிறது, பெரியப்பா.

பெரியப்பா: அதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. எதற்கும் உதவாத மந்தமான ஆளை ‘ஹிரு அந்தோன்’, அதாவது பகல் அந்தோன், என்று கேலி செய்வார்கள். ஜப்பானின் ஆக்கோ என்னும் சிற்றரசின் தலைமைப் பணியாளர் ஓயிஷி குரானோசுகேவுக்கு அப்பட்டப்பெயர் இருந்ததாகச் சொல்வார்கள். 1703-இல் தம் தலைவனுக்காகப் பழிதீர்த்த நாற்பத்தேழு வீரர்களை வழிநடத்தியவர் அவர்தான்.