மானியம், நல்கை, இரட்டிப்பு: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

ஈசூனிலிருந்து:
வணக்கம். வெள்ளிக்கிழமை மொழிபெயர்ப்பு வகுப்புக்கு ஒரு பகுதி எடுத்திருக்கிறேன். டீசல் புகையைக் குறைக்க அமெரிக்காவின் மூன்று துறைகள் 14 மானிய, கடன் திட்டங்களை நடத்துவதாக அந்நாட்டு அரசாங்கப் பொறுப்புடைமை அலுவலகம் 2012இல் அறிக்கை தந்தது. செலவைக் குறைக்க இவற்றில் எதை வெட்டலாம் என்பதே பாடம். வெட்டக்கூடியவற்றை ‘இரட்டிப்பு மானியம்’ எனலாமா?

பிடோக்கிலிருந்து:
வேண்டாம் ஐயா. ‘இரட்டிப்பு மானியம் ரத்து’ என்றால் இரு மடங்கு கொடுத்ததை நிறுத்திவிட்டார்கள் என்றுதான் படிப்பார்கள். இங்கே சிங்கப்பூரில் மருத்துவக் கட்டணச் சலுகையும் மானியம், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்குக் கிடைக்கும் தொகையும் மானியம். ‘தேவையற்ற மானியம்’ என்று போடுங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து:
மானியம் வடசொல். ‘நல்கு’ சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது, ‘நல்கை’ என்போம். ‘மிகைநல்கை’ பொருந்தும். கூறியது கூறலைத் தொல்காப்பியர் குற்றமென்றார். ஆனால் ‘ஒருபொருட் பன்மொழி சிறப்பினின் வழாஅ’ என்று, சிறப்புக்காக ஒரே பொருளில் பல சொல் வருவதற்கு நன்னூல் விலக்கும் தருகிறது. ‘மீமிசை ஞாயிறு’ என்பதில் மீ, மிசை இரண்டுக்கும் ‘மேல்’ என்றே பொருள், ஆனாலும் குற்றமாகாது. திட்டங்களிலும் இந்தப் பாகுபாடு வேண்டும்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து:
நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ‘மற்றொன்று விரித்த’லும், அதாவது சொல்ல வந்ததை விட்டு வேறொன்றைப் பெருக்குவதும், உண்டு! அறிக்கைக்கு வருவோம். அந்த அலுவலகம் மூன்று நிலைகளைப் பிரிக்கிறது. ஒரே பொதுத் தேவையைப் பல துறைகள் கவனிப்பது ஒன்று. இலக்கோ பணியோ பயனாளரோ ஒத்திருப்பது அடுத்தது. அதே பணியை அதே பயனாளருக்கே செய்வது மூன்றாவது. டீசல் திட்டங்கள் ஒவ்வொன்றும் வேறொன்றோடு ஏதோ ஒரு வகையில் ஒத்திருந்தன. ஒரே அமைப்பு ஒரே வகைப் பணிக்கு இரு திட்டங்களில் பணம் பெற்றதும் உண்டு. ஆயினும் நிர்வாகச் செலவு விவரம் போதாததால், அது தேவையற்றதா என்று அவர்களாலேயே தீர்மானிக்க முடியவில்லை. பிறகு நாம் எப்படித் ‘தேவையற்ற’ என்று எழுதுவது?

வெட்டும்போதும் இந்த வேறுபாடு முக்கியம். இரு திட்டங்களை இணைத்தால் விண்ணப்பப் பரிசீலனை, தணிக்கைச் செலவு மிச்சமாகும். ஒதுக்கீட்டையும் குறைத்தால்தான் மானியத் தொகை மிச்சமாகும். பயனாளர் பட்டியலை ஒப்பிடாமல் ஒன்றை மூடினால், அதற்கு மட்டுமே தகுதி பெற்றவர் வெளியே நிற்பார். எனவே அந்த மூன்று நிலைகளுக்கும் முறையே மூன்று சொற்கள்: சிதறல், மேற்படிவு, இரட்டுறல்.

உட்லண்ட்ஸிலிருந்து:
‘இரட்டுறல்’ சிலேடைக்கு உரியது. ஏற்க மாட்டேன்.

பிடோக்கிலிருந்து:
‘மேற்படிவு’ என்றால் மாணவர்கள் விண்ணப்பப் படிவத்தைத் தேடுவார்கள்.

ஈசூனிலிருந்து:
நாளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ‘சிதறல்’, ‘பகுதி ஒப்பு’, ‘ஒரே பணிக்கு இரு மானியம்’ என்று போடுகிறேன். மூவர் சரியென்று தனியே எழுதியிருக்கிறார்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து:
மூன்றாவது கலைச்சொல் அல்ல, விளக்கம். ‘நல்கை’யை அடிக்குறிப்பிலாவது சேருங்கள்.