மரண அறிவித்தல்களை வைத்து ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாமா?

கயல், செந்தூல்:

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் 2004 முதல் வேலை செய்கிறேன். முதல் ஆறு ஆண்டுகள் விளம்பரப் பிரிவின் முகப்பில் இருந்தேன், பிறகு நிருபர், இப்போது துணையாசிரியர். வயது 43. ஆசிய நாடுகளின் இதழாளர்களை மூன்று மாதம் ஓரிடத்தில் கூட்டி, ஆளுக்கோர் ஆய்வைச் செய்யச் சொல்லும் ஃபெலோஷிப் ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கடைசி நாளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

முதலில் எடுத்த தலைப்பு 'மலேசியத் தமிழ் நாளிதழ்களின் எதிர்காலம்'. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோனதில் ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதினேன். மறுநாள் படித்துப் பார்த்தால், எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்து நானே குறிப்பெடுத்த பேச்சாக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

உண்மையில் என் மனத்தில் கிடப்பது வேறு. முகப்பில் இருந்த நாள்களில் மரண அறிவித்தல்களை வாங்கி எழுதுவது என் வேலை. 2007-இல் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் முந்தின இரவு இறந்திருந்தார். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பேரன் எழுதிக் கொடுத்த விவரம், கைக்குட்டையில் சுற்றிய பாஸ்போர்ட் அளவுப் படம், அவ்வளவுதான் கையில். பெயருக்குக் கீழே அவர் வேலை செய்து குடியிருந்த தோட்டத்தின் பெயரும், அதன் பிரிவைச் சொல்லும் 'இரண்டாம் டிவிஷன்' என்பதும் இருந்தன. அந்தத் தோட்டத்தை விற்று வீடமைப்புப் பகுதி எழும்பிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. "அம்மா, தோட்டம்தான் இப்போது இல்லையே, இந்த வரியை எடுத்துவிட்டால் கட்டணம் கொஞ்சம் குறையும்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "ஊர் பேர் இல்லாமல் எப்படிச் சாவு சொல்வது? அங்கே இருந்த சனம் எங்கெங்கே கிடக்கிறதோ, தோட்டத்துப் பேரைப் பார்த்தால்தானே வருவார்கள்" என்றார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, நன்றி அறிவித்தல் கொடுக்க மறுபடி வந்தார். ரவாங்கிலிருந்தும் பூச்சோங்கிலிருந்தும் வந்தார்களாம். ஜொகூர் பாருவிலிருந்து ஒரு வேன் நிறைய வந்ததாம். அதைச் சொல்லும்போதுதான் அவர் அழுதார்.

2011-இல் புக்கிட் ஜாலில் தோட்டத்து மக்கள் வீட்டை விட்டு வெளியேற மறுத்து நின்றபோது நிருபராக அங்கே போனேன். அப்போதும் அந்த அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டேன். அறிவித்தல்களில் இறந்தவரின் தோட்டம் இருக்கும், பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் அவர்கள் குடியிருக்கும் ஊர் இருக்கும். முப்பது ஆண்டு அறிவித்தல்களை அடுக்கி வைத்தால் மறைந்த தோட்டங்களின் பட்டியலும், அங்கிருந்த குடும்பங்கள் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதும் தெரியும் என்று நம்புகிறேன்.

மணிலாவிலிருந்தும் டாக்காவிலிருந்தும் ஊழல், தேர்தல், பருவநிலை என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அவர்கள் நடுவில் இது ஆய்வாக நிற்குமா? விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டும், எனக்கு அது சரளமாக வராது. விடுப்பு இரண்டு முறை கேட்டேன், "பார்க்கலாம்" என்பதோடு நிற்கிறது. மகன் ஐந்தாம் படிவம், இந்த ஆண்டு எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறான். போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

---

பினாங்கு நிருபன்:

வணக்கம் கயல். நான் போய் வந்தவன். ஹார்வர்டில் 1938 முதல் இருக்கும் நீமன் போன்றவை ஒரு கல்வியாண்டு முழுவதும் நீளும், நம்மைப் போன்ற சிறிய அலுவலகங்களிலிருந்து அவ்வளவு காலம் விலகியிருப்பது கடினம். நான் போனது சிங்கப்பூரில் 2009-இல் ஆசிய இதழாளர்களுக்கென்றே தொடங்கிய மூன்று மாத ஃபெலோஷிப். விதிகள் ஆண்டுக்காண்டு மாறும், எதற்கு விண்ணப்பித்தாலும் இந்த ஆண்டின் அறிவிப்பை வரி விடாமல் படித்துவிடுங்கள்.

நான் முதலில் எழுதிய தலைப்பு 'உலகப் பாரம்பரியத் தகுதியும் ஜார்ஜ் டவுன் இந்திய வணிகர்களும்'. நேர்காணலில் ஒருவர், "எந்தத் தெரு?" என்று கேட்டார். மார்க்கெட் ஸ்திரீட் என்றேன். "எத்தனை கடை?" என்றார். பதில் வரவில்லை. அன்று மாலையே போய் நின்று எண்ணினேன். கடைசியில் ஒரே ஒரு வரிசைக் கடைவீடுகளை எடுத்துக்கொண்டேன். 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஜனவரி முதல் நாளோடு விலகியது, 2008-இல் யுனெஸ்கோ தகுதி வந்தது. இந்த இரண்டுக்கும் பிறகு பூமாலைக் கடையும் மசாலைக் கடையும் எத்தனை முறை கைமாறின என்பதை மட்டும் பார்த்தேன். தெருவைச் சுருக்கியதால் ஆய்வு சிறுத்துப் போய்விடவில்லை. கதவு கதவாகத் தட்ட முடிந்தது.

உங்களிடம் தெரு, கடை, கதவு மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த அம்மாவை முதல் பத்தியிலேயே வையுங்கள். என் குழுவில் காட்மாண்டுவிலிருந்து வந்த தோழி, வெளிநாட்டில் இறந்து பெட்டியில் திரும்பும் நேபாளத் தொழிலாளர்களைப் பற்றி எழுதினார். மலேசியாவிலிருந்து போன பெட்டிகளும் அதில் இருந்தன. ஊர்விட்டு ஊர் போனவனின் சாவை யார், எப்படி ஊருக்குச் சொல்கிறார்கள் என்பது ஆசியா முழுக்க உள்ள கேள்வி. இரவுச் சாப்பாட்டில் நீங்கள் இதைப் பேச ஆரம்பித்தால் மேசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

ஒரு கணக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். 1990 முதல் 2019 வரை ஆண்டுக்கு ஒரு மாதம் என்றால் ஏறத்தாழ 900 இதழ்கள். மூன்று மாதத்தில் அறுபது வேலை நாள். நாளுக்குப் பதினைந்து இதழ் பார்க்கலாம், ஆனால் வேறு எதற்கும் நேரம் இருக்காது. ஆண்டுக்கு இரண்டு வாரம் என்று குறைத்து, மீதி நேரத்தில் அறிவித்தல் கொடுத்த குடும்பங்களில் பத்துப் பேரையாவது தேடிப் பேசுங்கள். அவர்கள் இல்லாமல் வெறும் பட்டியல்தான் மிஞ்சும்.

---

ஓய்வுபெற்ற நூலகர், பெட்டாலிங் ஜெயா:

அம்மா கயல், நல்ல எண்ணம். ஆனால் இரண்டு இடத்தில் உங்களைத் தடுக்க வேண்டியிருக்கிறது.

தோட்டங்கள் மறைந்தது வீடமைப்புத் திட்டங்களால் மட்டும் என்று எழுதிவிடாதீர்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலிலேயே அது தொடங்கிவிட்டது. அன்று அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டங்களை வாங்கியது அதனால்தான். 1990-இல் தொடங்கினால் பாதிக் கதை ஏற்கெனவே முடிந்திருக்கும். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணைய நாளிதழ்த் தொகுப்பில் 1887-இல் தொடங்கிய சிங்கை நேசனும் தமிழ் முரசின் பழைய இதழ்களும் கிடைக்கின்றன. பழைய அச்செழுத்தைத் தேடுபொறி பல இடங்களில் தவறாகப் படிக்கும். தேடுபெட்டியை நம்பாமல் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள்.

அடுத்தது எனக்கு வலிக்கும் விஷயம். காசு கட்ட முடிந்தவர்களின் சாவுதான் பத்திரிகையில் வந்தது. என் பெரியப்பா 1943-இல் ஜப்பானியர் ஆட்சியில் பேராக்கிலிருந்து சயாம்-பர்மா ரயிலுக்குத் தண்டவாளம் போடப் போனார். 415 கிலோமீட்டர் பாதை. எந்த மைலில் விழுந்தார் என்று இன்றுவரை தெரியாது. அவருக்கு எந்த அறிவித்தலும் வரவில்லை. பாட்டி சாகும் வரை பொட்டு வைத்த மருமகளைத்தான் வீட்டில் வைத்திருந்தார். உங்கள் ஆய்வில் அறிவித்தல் வராதவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள் அம்மா.

---

கிள்ளான் மெய்ப்பாளர்:

கயல் அக்கா, விடுப்பை வாயால் கேட்காதீர்கள். கடிதமாகக் கொடுங்கள், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் பக்கத்தை யார் பார்த்துக்கொள்வார் என்பதையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆசிரியர்கள் அஞ்சுவது அதற்குத்தான்.

ஆங்கிலத்தைப் பற்றி: முழுவதையும் முதலில் தமிழில் எழுதி முடியுங்கள். பிறகு மொழிபெயருங்கள். நேரே ஆங்கிலத்தில் எழுதினால் உங்களுக்குத் தெரிந்த சொற்களின் அளவுக்குள்தான் யோசனையும் நிற்கும். 'பதினாறாம் நாள் காரியம்', 'மின்சுடலை' போன்றவற்றை அப்படியே வைத்து ஒரு வரி விளக்கம் கொடுங்கள். பிழை திருத்த நான் இருக்கிறேன், அனுப்புங்கள். இறந்தவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அச்சில் வந்ததுதானே என்று எடுத்துப் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணில் இப்போதும் யாராவது எடுப்பார்கள்.

---

கயல், செந்தூல்:

எல்லாருக்கும் நன்றி. நூலகர் ஐயா எழுதியதை மகனுக்குப் படித்துக் காட்டினேன். சயாம் ரயிலைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன் என்றான். நம் வீட்டிலிருந்து யாராவது போனார்களா என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. என் அம்மாவுக்குத் தொலைபேசி போட்டோம், அவர் இரண்டு பெயர்கள் சொன்னார். இத்தனை வயதில் முதல் முறையாகக் கேட்கிறேன்.

ஆண்டுக்கு இரண்டு வாரம் என்று மாற்றிவிட்டேன். தொடக்க ஆண்டைப் பின்னே தள்ளி 1960 என்று வைத்திருக்கிறேன். வேலை இரட்டிப்பாகும் என்று தெரியும், அதனால் பத்து ஆண்டுக்கு ஓர் ஆண்டு என்று எடுத்துப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். பினாங்கு அண்ணன் இதற்கு ஒரு வழி சொல்ல வேண்டும். எஸ்பிஎம் முடிந்த பிறகுதான் பயணம் என்பதால் மகனைப் பற்றிய கவலை குறைந்திருக்கிறது.

விடுப்புக் கடிதத்தை நேற்றுக் கொடுத்தேன், கையெழுத்தும் வாங்கிவிட்டேன். சனிக்கிழமை பத்தாங் பெர்ஜுந்தைக்குப் போகிறேன். இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அந்த அம்மா இருக்கிறாரா என்று தெரியாது, தமிழ்ப்பள்ளிப் பக்கத்தில் விசாரித்தால் யாராவது சொல்வார்கள். தோட்டத்துப் பெயரையும் இரண்டாம் டிவிஷன் என்பதையும் சொல்லித்தான் கேட்கப் போகிறேன்.