ரவுட்டருக்கு மாதச் சந்தா கட்டலாமா?

புது வீட்டில் இணைப்பு வந்ததும் இரண்டு கட்டணங்கள் கண்ணில் படும். இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டருக்கு மாத வாடகை ஒன்று. விலைக்கு வாங்கிய ரவுட்டரின் ஆப் கேட்கும் சந்தா இன்னொன்று. இரண்டும் வேறு வேறு.

வாடகைக்குக் கணக்கு எளிது: ரவுட்டர் விலையை மாத வாடகையால் வகுத்தால் எத்தனை மாதத்தில் காசு தேறும் என்று தெரிந்துவிடும். ஃபைபர் என்றால் சுவரில் உள்ள ஓஎன்டி பெட்டியை (ஃபைபரில் வரும் ஒளியை மின் சிக்னலாக மாற்றுவது) தொடாதீர்கள், ரவுட்டரை மட்டும் மாற்றுங்கள். கேபிள் இணைப்பில் மோடமும் (கேபிள் சிக்னலை இணையமாக மாற்றும் கருவி) ரவுட்டரும் ஒரே பெட்டியில் இருக்கலாம். நிறுவனம் ஏற்கும் மாடலா என்று பார்க்காமல் மாற்றினால் நெட்டே வராது. வாடகைப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

சந்தா கட்டினால் வேகம் அதிகரிக்காது. நெட் மெதுவாக இருந்தால் மடிக்கணினியை ரவுட்டரோடு ஒயரில் இணைத்துப் பாருங்கள். ஒயரில் நன்றாக வந்து வைஃபையில் மட்டும் திணறினால் பெரும்பாலும் ரவுட்டர் வைத்த இடம்தான் கோளாறு. அலமாரிக்குள் பூட்டி வைத்த பெட்டிக்கு எந்தச் சந்தாவும் உதவாது.

சந்தாவில் கிடைப்பது பெரும்பாலும் வடிகட்டல்: மோசடித் தளம், விளம்பரம், ஆபாசம். பக்கத்தின் உள்ளடக்கம் நடுவில் யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கத்தில் போவதால் ரவுட்டருக்குத் தளத்தின் பெயர்தான் தெரியும். அதை வைத்தே தடுக்கிறது. இந்த வேலையை இலவச டிஎன்எஸ்ஸும் (தளத்தின் பெயருக்கு உரிய இணைய எண்ணைத் தேடித் தரும் சேவை) செய்யும். பிரவுசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, டிஎன்எஸ் இடத்தில் கிளவுட்ஃபிளேர் என்ற நிறுவனத்தின் 1.1.1.3, 1.0.0.3 போடுங்கள். தீம்பொருளும் ஆபாசமும் தடைபடும். தீம்பொருள் மட்டும் போதுமென்றால் 1.1.1.2, 1.0.0.2.

சில ரவுட்டர்களில் இது முதலிலேயே இலவசம். ஏசஸ் நிறுவன மாடல்கள் பலவற்றில் பாதுகாப்பு வசதிக்குச் சந்தா கிடையாது. ஈரோ நிறுவன ரவுட்டர்களில் தள வடிகட்டலுக்குக் காசு கட்ட வேண்டும்.

பதில் 1: ஐபிவி6 (இணைய முகவரிகளின் புதிய வகை) இயங்கினால் அதிலும் டிஎன்எஸ் மாற்றுங்கள் (2606:4700:4700::1113). இல்லாவிட்டால் வடிகட்டல் அந்த வழியாக நழுவிவிடும். பிரவுசரில் 'பாதுகாப்பான டிஎன்எஸ்', ஃபோனில் 'தனிப்பட்ட டிஎன்எஸ்' போட்டிருந்தாலும் அப்படித்தான். மொபைல் டேட்டாவுக்கு மாறிய பிள்ளையைச் சந்தா ரவுட்டராலும் பிடிக்க முடியாது.

பதில் 2: ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி வடிகட்டலும் நேரக் கட்டுப்பாடும் வேண்டுமென்றால் சந்தாவுக்கு அர்த்தம் உண்டு. சந்தாவுடன் வரும் விபிஎன் (இணையப் போக்குவரத்தைக் குறியாக்கி வேறு சர்வர் வழியாக அனுப்பும் சேவை), கடவுச்சொல் மேலாளருக்கு நீங்கள் ஏற்கெனவே தனியாகக் காசு கட்டினாலும் சரி. இரண்டும் இல்லையென்றால் வேண்டாம். இலவசச் சோதனை எடுத்தால் முடியும் தேதிக்கு இரண்டு நாள் முன்பே ரத்து செய்யுங்கள். ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. ஃபோனின் ஆப் ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் அங்கேயே போய் நிறுத்த வேண்டும்.